தம்பியைத் தொடப் பயந்த என் கைகள்

என்னோடு செபிக்கும் சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி அருளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவனுக்கு இருபத்தெட்டு வயது. மந்தைவெளியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். பெற்றோர் இல்லை. சாந்தோம் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னார். தலையாட்டினேன். ஆனால் நம்பவில்லை. அவன் தட்டைத் தனியாக வைத்தேன். துணியைக் குச்சியால் எடுத்தேன். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்றும் என்னைச் சுடுகிறது.

தினமும் காலைப் பூசையில் அழுதேன். "ஆண்டவரே, ஒரு மருந்து காட்டும்."

நான்கு வருஷம் கழித்து மருந்து வந்தது. வெளிநாட்டில் பரிசோதனையில் இருந்த புரத ஊசி. எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளை அணுக்களை அது பெருக்குமாம். ஐந்து நாள் தொடர்ந்து போட வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கடுமையா ஜுரம் வரும்மா. உடம்பு முறிஞ்சு போற மாதிரி வலிக்கும். நீங்க கூடவே இருக்கணும்."

முதல் இரண்டு நாள் ஊசி போட்டுக் கூட்டி வந்ததும் கோயிலுக்கு ஓடினேன். அவனுக்காகச் செபிக்கத்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாளும் அப்படிப் போய்த் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு மெஹர் அக்கா அவன் தலையை மடியில் வைத்து, நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"தனியா நடுங்கிக்கினு இருந்துச்சு ஸ்டெல்லா. நீ போய் சாமிய கும்பிடு, நான் பாத்துக்கறேன்."

குத்திக்காட்டவில்லை. மனதாரச் சொன்னார். நான் கூசிப்போனேன்.

அடுப்படியில் முழங்காலிட்டேன். அன்று அவன் குணமாக வேண்டும் என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்" என்று மட்டும் கேட்டேன். எழுந்தபோதும் பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் கால் அவனிடம் போனது.

வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றப் போனேன். அவன் விலகினான்.

"வேணாம்க்கா. உனுக்கு பயமா கீதுன்னு தெரியும்."

"இப்ப இல்லடா" என்றேன். உடம்பைத் துடைத்துவிட்டேன். கஞ்சி ஊட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். நானும் அடக்க முடியாமல் அழுதேன்.

மீதி நாட்கள் அவனை விட்டு நகரவில்லை. பிறகு அணுக்கள் கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். "ஆனா இதனால ஆயுசு கூடுமான்னு எங்களுக்கே இன்னும் தெரியலம்மா" என்றும் சொன்னார். ஒன்றரை வருஷம் இருந்தான். காசநோய் கொண்டுபோயிற்று. என் தோளில் சாய்ந்தபடி போனான்.

நான் கேட்ட மருந்து அவனைக் காப்பாற்றவில்லை. நான் கேட்ட தைரியத்தை ஆண்டவர் அன்றைக்கே தந்தார். அதற்கு நன்றி சொல்லாத நாளில்லை. இப்போது இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் குணமாகச் செபியுங்கள். உங்கள் பயம் போகவும் செபியுங்கள். ஆண்டவர் உடனே தருவார், நம்புங்கள். நான்தான் நான்கு வருஷம் கேட்காமலே இருந்துவிட்டேன்.