ஏட்டய்யா அடித்த லைட்

சின்னமனூருக்கு வெளியே, தேவாரம் ரோட்டு வளைவில் வண்டிகளை மறித்து நிற்கும் ஏட்டு அவர். தலை முழுக்க வெள்ளை, மீசைக்கு மட்டும் மை. “ஹெல்மெட் எங்க?” என்பதைக்கூட விருந்தாளியிடம் நலம் விசாரிப்பது போலத்தான் கேட்பார். அபராதத்தில் மட்டும் அந்தக் கனிவு இருக்காது.

ஒருநாள் சாயங்காலம் பைக்கில் எதிரே வந்த ஏட்டய்யா, என்னைப் பார்த்ததும் ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டினார். எங்கள் பக்கத்தில் அப்படி அடித்தால், முன்னால் போலீஸ் நிற்கிறது, உஷார் என்று அர்த்தம். டேங்க் மேலிருந்த ஹெல்மெட்டை அவசரமாக மாட்டிக்கொண்டு போனேன். வளைவில் ஈ காக்காய் இல்லை.

மறுநாள் டீக்கடையில் அவரைப் பார்த்ததும் கேட்டேன். “நேத்து லைட் அடிச்சீகளே ஏட்டய்யா, அங்கன யாருமே இல்லையே?”

“எப்படி இருப்பாக? நாந்தான் டூட்டி முடிச்சுக் கெளம்பிட்டேன்ல.”

“பெறகு எதுக்கு அடிச்சீக?”

“ஹெல்மெட் போட்டீகளா இல்லையா?”

“போட்டேன்.”

“பெறகென்ன?”

“நேத்து உங்க தலையில ஹெல்மெட் இல்லையே ஏட்டய்யா?”

டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

“எனக்கு யாரும் லைட் அடிக்கலையே.”

இப்போதெல்லாம் அவர் எதிரே வந்தால் நான் முந்திக்கொண்டு லைட் அடித்துவிடுகிறேன். அவரும் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார்.