லேஞ்சி கட்டிய கொள்ளைக்காரன்

கொள்ளையடிக்கிற வேலையில் முதலில் பயப்படுவது கொள்ளைக்காரன்தான். கனடாவில், ஸ்ரௌவ்வில் என்கிற ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில், அந்தக் காலத்து அமெரிக்கக் கொள்ளைக்காரர் பயணிகளின் குதிரை வண்டியை மறித்ததை நடித்துக் காட்டுகிறோம். சனி, ஞாயிறுகளில் மறிப்பவன் நான். குதிரை ஓட்டத் தெரியாததால் நடந்து வந்தே மறிக்கிறேன். வார இறுதியிலும் வேலைக்கு ஓடுகிற உங்களுக்கு என் நிலை விளங்கும்.

முதல் மறிப்பு

மரத் துவக்கோடு மேப்பிள் மரத்தின் பின்னாலிருந்து பாய்ந்தேன். பாடமாக்கிய ஆங்கில வசனம் மறந்துபோய், “கையைத் தூக்குங்கோ” என்று தமிழ்தான் வந்தது. எல்லாரும் விழித்தார்கள். பின் இருக்கையில் இருந்த தமிழர் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியபடியே, எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற ஸ்காபரோத் தெரு ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டார்:

“தம்பி மோர்னிங்சைட்டிலை எந்த பில்டிங்?”

காப்பு

மட்டக்களப்பு அன்ரி ஒருவர் மகளோடு வந்திருந்தார். நடிப்பென்று மகள் சொல்லித்தான் ஏற்றியிருக்கிறாள். ஆனால் லேஞ்சி, அதுதான் கைக்குட்டை, கட்டி முகத்தை மூடிக்கொண்டு நான் கதவைத் திறந்ததும், அன்ரி மகளைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காப்புகளைக் கழற்றி நீட்டினார். ஊரில் சண்டைக் காலத்தில் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிய நாட்களை அவர் பார்த்தவர் என்று மகள் பிறகு சொன்னாள்.

துவக்கைப் புல்லில் போட்டேன். லேஞ்சியை அவிழ்த்து, நான் ஸ்காபரோவில் இருக்கிறவன், இது விளையாட்டு என்று தமிழில் சொன்னேன். அவர் கனநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, காப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. இறங்கும்போது சொன்னார்:

“இனிமேல் ஆர் எண்டு சொல்லிப்போட்டு மறியும் தம்பி.”

ஓடிய வண்டி

வண்டியோட்டி லிண்டா, கதைப்படி கீழே இறங்கிச் சரணடைய வேண்டும். ஒருநாள் அவள் இறங்கிய நேரம் பார்த்துக் குதிரையொன்றைக் குளவி குத்தியது. குதிரைகள் இரண்டும் ஆறு பயணிகளோடு பெருந்தெருப் பக்கம் பறந்தன. நான் பின்னால் ஓடினேன். வேலி குறுக்கிட்டதால் அவை வேகம் குறைத்துத் திரும்பின. பாய்ந்து கடிவாளத்தில் தொங்கினேன். இருபது அடி இழுபட்ட பிறகு நின்றன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இதுவும் நடிப்பென்று நினைத்துப் பயணிகள் கைதட்டினார்கள். மூச்சிரைக்க ஓடிவந்த லிண்டா, நான் பிடியை விடப்போவதைக் கண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்:

“இன்றைக்குக் கொள்ளை வேண்டாம், நீ பிடித்துக்கொண்டே நில்.”

மூன்று கோடையாக வண்டி மறிக்கிறேன். ஏறின எல்லாரும் பத்திரமாக இறங்கிப் போவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற கொள்ளைக்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.