பங்காக் காற்றும் அடைத்த பல்லும்

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்ட மறுநாள் காலை, கொப்பளிக்க ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்தேன். வலப்பக்கக் கடைவாயில் ஊசி இறங்கியது போலச் சுரீரென்றது. துப்பிய சில நொடிகளில் வலி போய்விட்டது. அடைப்பதற்கு முன் அந்தப் பல் ஒருநாளும் இப்படிக் கூசியதில்லை.

நான் சிங்கப்பூர் கோர்ட்டில் துபாஷி (தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்பவர்). அந்த வாரம் ஒரு கொலை வழக்கு நடந்தது. தேக்கா வட்டாரத்தில் மாட்டுவண்டி ஓட்டிய முனியன், சண்டையில் இன்னொருவனைக் கால்வாயில் தள்ளிக் கொன்றதாகக் குற்றச்சாட்டு.

“இன்னைக்கு லீவு சொல்லிடுங்க மச்சான்” என்றாள் என் மனைவி மரியம்.

“இன்னொரு துபாஷி காய்ச்சல்ல கிடக்கிறாரு. நானும் போகலைன்னா எப்படி?”

கோர்ட்டில் தலைக்கு மேல், கயிறு கட்டி இழுக்கும் பங்கா விசிறி ஆடிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கும்போதெல்லாம் அதன் காற்று பல்லில் பட்டது. வாக்கியங்களைச் சுருக்கினேன். உதட்டை முழுதாகப் பிரிக்காமல் பேசினேன். பற்கள் ஒன்றோடொன்று இடித்தாலும் வலித்தது.

பிற்பகலில், சண்டையை நேரில் பார்த்த கிழவர் கூண்டில் ஏறினார்.

“இவன் தள்ளிப் போனான் தொரை. அவன் விழுந்துட்டான்.”

‘தள்ளி’ என்ற சொல்லோடு வலி வெட்டியது. அடுத்த சொல் என் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. “இவன் தள்ளினான், அவன் விழுந்தான்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். நீதிபதி எழுதிக்கொண்டார்.

முனியனுக்கு ஆங்கிலம் தெரியாது. கிழவர் தனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான், கிழவர் சொன்னது வேறு என்று எனக்கு உறைத்தது. வாய் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் அவனுக்குத் தூக்கு.

எழுந்து நின்றேன். “நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவரிடம் மறுபடி கேட்க வேண்டும்” என்றேன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி கேட்டபோது, கிழவர் கூண்டுக்குள்ளேயே ஓரடி விலகிக் காட்டினார். “இப்படித்தான் தள்ளிப் போனான். கை வைக்கல.”

நீதிபதி முன்பு எழுதியதை அடித்தார். “உடல்நலமில்லை என்றால் காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும்” என்று மட்டும் என்னிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து முனியனை விடுதலை செய்தார்கள்.

கிழவர் சாட்சி சொன்ன அன்று மாலையே, பல்லை அடைத்த ஜப்பானிய வைத்தியரிடம் போனேன். மலாயில்தான் பேசிக்கொண்டோம். மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, கடி எங்கே படுகிறது என்று பார்த்தார்.

“அடைப்பு கொஞ்சம் உயரமா இருக்கு. சொத்தையும் ஆழம். உலோகம் குளிரைச் சீக்கிரம் உள்ளே கடத்தும். அதான் பல்கூழ் (பல்லின் நடுவே நரம்பு ஓடும் மென்மையான பகுதி) கோபப்படுது.”

“பல்லைப் பிடுங்கணுமா?”

“வலி வந்த உடனே போகுதுன்னா பொறுத்துப் பாருங்க. தானா விண்ணுவிண்ணுன்னு குத்தி, நிக்காமப் போனா உடனே வாங்க.”

காலால் மிதித்துச் சுழற்றும் கருவியால் உயரத்தைத் தேய்த்தார். கடித்தால் வந்த வலி அன்றே நின்றது. கூச்சம் நிற்க ஐந்து வாரம் ஆனது. வெதுவெதுப்பான கஞ்சி, இடப்பக்கத்து மெல்லல். ஒவ்வொரு காலையும், இன்று குறைந்திருக்கிறதா, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறதா என்ற பயம். உங்களுக்கும் அந்தப் பயம் வந்திருந்தால், வைத்தியர் எனக்குச் சொன்ன அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வலி இல்லை. ஆனாலும் அந்த ஒரு பல் அங்கே இருப்பது எனக்கு எப்போதும் தெரிகிறது. சாட்சி பேசி முடிப்பதற்கும் நான் வாய் திறப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் போகிறது. முன்பு அப்படி ஒரு நேரம் இருந்ததே எனக்குத் தெரியாது.