களத்துமேட்டு அடுப்பு

முதல் தடவை அந்த அடுப்பைப் பற்றவைத்தபோது அது எரிகிறதா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. நல்ல வெயில் நேரம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, சாணியைக் கரைத்து ஊற்றி, அதன்மேல் பெரிய இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தோம். உள்ளே சாணி புளித்துக் காற்று உண்டாகி, தொட்டி மெல்ல மெல்ல மேலே எழும்பியிருந்தது. அந்தக் காற்று குழாய் வழியாக முற்றத்தில் வைத்திருந்த அடுப்புக்கு வரவேண்டும். தெருவே கூடி நின்றது. என் ஓரகத்தி குனிந்து தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். புகை இல்லை, கங்கு இல்லை, நெருப்பும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஓரகத்தி உள்ளங்கையை அடுப்புக்கு மேலே நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு முந்தானையை விரித்து வெயிலை மறைத்தார். அந்த நிழலில்தான் நீலமாக ஒரு வளையம் தெரிந்தது.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அறுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனேன். குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடந்தால் ஏரிக்கரை வரும். அதைத் தாண்டினால் எங்கள் தெரு. என் கணவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். விடியும்முன் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவார். நிலமும் மாடுகளும் கணவரின் அண்ணன், என் மச்சாண்டார் பொறுப்பு. அடுப்படி அக்காவின் பொறுப்பு. சன்னல் இல்லாத அடுப்படி அது. மழைக்காலத்தில் ஈர மிளாறுச் சுள்ளியையும் வரட்டியையும் போட்டு ஊதி ஊதி எரியவைப்பார். அவருக்கு இருமல் ஓயாது, கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ அழுதிருக்கிறார் என்று நினைத்து விசாரிப்பார்கள். வந்த புதிதில் நானும் கேட்டேன். “பொகைக்கு அழுவறதுக்கே நேரம் பத்தல. வேற எதுக்கு அழுவறது?” என்றார். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒருநாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் வந்து, கோயில் மரத்தடியில் ஆண்களைக் கூட்டிவைத்துச் சாண எரிவாயுவைப் பற்றிப் பேசினார். மாட்டுச் சாணியிலிருந்து நெருப்பு, அது போக மிஞ்சும் குழம்பு வயலுக்கு எரு என்றார். ஆண்கள் கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்த அக்கா, குடத்தை இறக்காமலே கடைசிவரை நின்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மச்சாண்டாரை விடவில்லை. அவர் சம்மதித்தது ஆசையால் அல்ல, நச்சரிப்புத் தாங்காமல். குழியை எங்கள் தெருக்காரர்களே வெட்டினார்கள். தொட்டிதான் சிக்கலாக இருந்தது. என் கணவரும் அவரோடு பாடியில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களும், தெரிந்தவர் பட்டறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தகடுகளைச் சேர்த்து ஒட்டி அதைச் செய்தார்கள். மாட்டு வண்டியில் அது வந்து இறங்கியபோது, தேர்க்குடமா, சாராய அண்டாவா என்று ஊரில் பந்தயம் கட்டினார்கள்.

எங்கள் மாடுகளின் சாணி மட்டும் போதவில்லை. அக்கா அக்கம்பக்கத்து மூன்று வீடுகளையும் சேர்த்துக்கொண்டார். நாலு வீட்டுச் சாணி, நாலு வீட்டுக்கும் குழாய். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை எரிந்தது. கொஞ்ச நாளில் அக்காவின் கண்ணில் சிவப்பு மறைந்தது. இருமல் தணிந்தது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காததை என்னிடம் திருப்பித் திருப்பிக் காட்டுவார். கதை அங்கேயே நின்றிருந்தால் நல்ல கதைதான்.

சேரியில் ஒரு பெண்மணி இருந்தார். வரட்டிக்காரம்மா என்பார்கள். நிலமில்லை, மாடில்லை. மேய்ச்சல் புறம்போக்கிலும் வண்டிப்பாதையிலும் விழும் சாணியைக் கூடையில் வாரி, ஏரிக்கரைச் சரிவில் வரட்டி தட்டிக் காயவைத்து, தலைச்சுமையாகப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோய் விற்பார். அவரைப் போல இன்னும் சில பெண்கள் அதை நம்பியிருந்தார்கள். சாணிக்கு மதிப்பு வந்ததும் எங்கள் நாலு வீட்டுக்காரர்களும் மாட்டுக்குப் பின்னாலேயே கூடையோடு ஆள் அனுப்பினார்கள். பாதையில் கிடந்ததற்குக்கூட எங்கள் மாடு போட்டது என்று உரிமை பேசினார்கள். ஒரு மத்தியானம் வரட்டிக்காரம்மா எங்கள் பின்வாசலுக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றார். சண்டை பிடிக்க வரவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“உங்க ஊட்ல புது நெருப்பு வந்துச்சி, நல்லாயிருங்க. எங்க ஊட்ல இருந்ததும் போச்சேம்மா. சாணிய நீங்களே எடுத்துக்கினா நாங்க இன்னாத்த எரிக்கறது, இன்னாத்த விக்கறது?”

 அவர் போன பிறகும் அக்கா வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று மாலை அடுப்பைப் பற்றவைக்க என்னைத்தான் சொன்னார். நல்லது ஒன்று ஊருக்குள் வரும்போது, யார் கையிலிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மரத்தடியில் பேசிய அலுவலரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து அக்கா ஒரு யோசனை சொன்னார். அடுப்புகளை வீடுகளிலிருந்து எடுத்துவிட்டு, களத்துமேட்டில் ஒரு கொட்டகை போட்டு, குழாயை நீட்டி அங்கே வைப்பது. யார் கூடைச் சாணி கொண்டுவந்து கொட்டினாலும், ஊரானாலும் சேரியானாலும், அங்கே உலை வைத்துக்கொள்ளலாம். குழியிலிருந்து வழியும் குழம்பைச் சேரிப் பெண்கள் எடுத்துப்போய் ஏரிப் புறம்போக்கில் கீரை போடட்டும். வரட்டிக்குப் பதிலாகக் கீரை விற்கட்டும். இவ்வளவுதான் யோசனை. மச்சாண்டார் அன்றே அவரோடு பேச்சை நிறுத்தினார். மூவரும் ஒரே கூடத்தில் இருக்கும்போதுகூட, “உங்க அக்காகிட்ட சொல்லு” என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லுவார். அறுவடை முடியும்வரை அந்த வீட்டில் எல்லாச் சொல்லும் என் வழியாகத்தான் போய்வந்தது.

மறுபடி மரத்தடியில் கூட்டம். இந்தத் தடவை பெண்களும் ஓரமாக நின்றோம். சேரிப் பானையும் நம் பானையும் ஒரே நெருப்பில் கொதிப்பதா, ஊருக்குத் தீட்டு வராதா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பலரும் தலையாட்டினார்கள். அக்கா கூட்டத்தில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“அவங்க வாரியாந்த சாணியிலதான் நம்ம வாசல் தெளிக்கறோம், சாமி வர்ற தெருவ மெழுகறோம். சாணிக்கு இல்லாத தீட்டு அதுல வர்ற நெருப்புக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சி?”

 பதில் இல்லை என்பதாலேயே ஊர் ஒத்துக்கொண்டுவிடுவதில்லை. எங்களோடு சேர்ந்திருந்த மூன்று வீடுகளில் இரண்டு விலகிக்கொண்டன. ஊரில் மற்றவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: கொட்டகை நடுவில் தடுப்பு வைக்கவேண்டும், இந்தப் பக்கம் ஊருக்கு, அந்தப் பக்கம் சேரிக்கு, அடுப்புகள் தனித்தனி. அக்கா ஒத்துக்கொண்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “முழுசா கேட்டா ஒண்ணும் கெடைக்காது. பாதியாவது எரியட்டும்” என்றார். சேரி ஆண்கள் வந்து கொட்டகை போட்டார்கள். தடுப்புக்கான ஓலையையும் அவர்களே பின்னினார்கள். அதை அக்கா நின்று பார்க்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த அடுப்பு பல வருஷம் எரிந்தது. புதுமை புதுமை என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துப் போனார்கள். எனக்குத் தெரிந்த புதுமை, தினமும் காலையில் முழங்கை வரை சாணியில் கைவிட்டுக் கல்லும் வைக்கோலும் பொறுக்கிக் கரைத்து ஊற்றுகிற வேலை. சமைக்க வந்தவர்கள் பலர். கரைக்க வந்தவர்கள் இருவர்தான். ஒருவர் அக்கா. மற்றவர், அதற்குள் கீரைக்காரம்மா என்று பெயர் மாறிவிட்டிருந்த வரட்டிக்காரம்மா. இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் ஊற்ற ஒருவர் கலக்குவார். ஒரு தடவை யாரோ குழாயைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. என் கணவர் வேலையிலிருந்து வந்த களைப்போடு உட்கார்ந்து ஒட்டினார். இன்னொரு தடவை தொட்டியில் துரு ஏறி ஓட்டை விழுந்தது. அதையும் ஒட்டினார். மழையில் தொட்டி சாய்ந்தால் நிமிர்த்தவும், குளிரில் காற்றுக் குறைந்தால் வசவு கேட்கவும் அக்கா இருந்தார். அவர் கையில் எந்நேரமும் சாணி வாசனை வரும். விசேஷ வீடுகளில் பந்தி பரிமாற அவரைக் கூப்பிடுவதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். மச்சாண்டார் பேசத் தொடங்கியிருந்தார். ஆனால் களத்துமேட்டுப் பக்கம் மட்டும் வரமாட்டார்.

எழுபதுகளில் இரண்டு மூன்று வருஷம் மழை சரியாக இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. அதே சமயத்தில் அம்பத்தூர், ஆவடி, பாடி என்று எல்லாப் பக்கமும் தொழிற்சாலைகளில் ஆள் எடுத்தார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. பயிர் இல்லாத நிலத்தை மனைபோட்டு விற்றார்கள். நிலம் போனபின் மாடு எதற்கு? ஒவ்வொரு வீடாக மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். மச்சாண்டாரும் விற்றார். யாரும் எதிர்க்காமல், யாரும் குழாயை அறுக்காமல், தொட்டி தானாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. எதிர்ப்பவர்களிடம் பேசிப்பார்க்கலாம். விற்றுவிட்டுப் போகிறவர்களிடம் என்ன பேசுவது?

அக்கா பூந்தமல்லிக்கு நடந்துபோய் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார். நானும் கூடப் போனேன். மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான் திட்டம், பொதுக் கொட்டகைக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை என்று அங்கிருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். ஏரிப் புறம்போக்கைச் சுற்றி யாரோ கம்பி வேலி போட்டதைப் பற்றியும், கீரைப் பாத்திகள் போனதைப் பற்றியும் அக்கா சொன்னார். அது வேறு அலுவலகம் என்றார் அவர். திரும்பும்போது பூந்தமல்லியில் பஸ் வந்தும் அக்கா ஏறவில்லை. கூட்டத்தில் இடிபட உடம்பில் தெம்பில்லை என்று சொல்லிவிட்டு, வெயிலில் நடந்தே வந்தார்.

இப்போது நான் அம்பத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகப் பூந்தமல்லி போனபோது காரை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். களத்துமேடு எது என்று எனக்கே பிடிபடவில்லை. மெட்ரோவுக்காக நட்ட தூண்களும் அடுக்குமாடி வீடுகளும்தான் தெரிந்தன. அக்கா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. கிராம முன்னேற்றம் என்று யாராவது மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அவருடைய கடைசிப் பேச்சோ கடைசிப் படுக்கையோ நினைவுக்கு வருவதில்லை. அடுப்பு கடைசியாக எரிந்த மத்தியானம்தான் வருகிறது.

அன்றைக்கு மிஞ்சியிருந்த ஒன்றிரண்டு மாடுகளின் சாணியைக் கீரைக்காரம்மா கூடையில் கொண்டுவந்து கரைத்திருந்தார். இரண்டு பக்கத்து அடுப்புக்கும் காற்று போதவில்லை. குழிக்கு அருகில் இருந்த ஒன்று மட்டும் சன்னமாக எரிந்தது. அது தடுப்புக்கு அந்தப் பக்கம், சேரி அடுப்பு. ஊர்ப் பெண்கள் சிலர் அரிசியோடு வந்து காத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காத நாள் அது. வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். பிறகு ஒரு பெண் தன் முறத்திலிருந்த அரிசியைக் கீரைக்காரம்மா வைத்த உலையிலேயே கொட்டினாள். அடுத்தவள் கொட்டினாள். நானும் கொட்டினேன். அரிசியோடு கீரையும் உப்பும் போட்டு, ஒரே பானையில் பொங்கி இறக்கி, பாத்திரங்களில் பங்கிட்டுக்கொண்டார்கள்.  பிள்ளைகளும் வந்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கீரைக்காரம்மா பானையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: “இத்தினி வருசம் கழிச்சி இன்னிக்கிதான் ஒரே பானைக்கு வந்து கீறோம்க்கா.”

“கேஸு தீந்துபோச்சி. அதான்” என்றார் அக்கா.

அதற்குள் நெருப்பு அணைந்திருந்தது. அக்கா குழாயைத் திருகி மூடினார். பானையைக் கழுவிக் கவிழ்த்தார். வீட்டுக்கு வந்து, கைகால்கூடக் கழுவாமல், கூடத்தில் வெறுந்தரையில் படுத்தார். மச்சாண்டார் வெளியிலிருந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவர் தலைக்குக் கீழே மெதுவாக வைத்தார். அக்கா விழிக்கவில்லை. பகலில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.