கேட்பதற்கு முன் சொல்பவர்

“வீட்ல நாங்க ரெண்டே பேர்தான்க்கா. வாடகை வீடு. குழாய்ல தண்ணி காலைல ஒரு மணி நேரம் வரும். மாசத்துல நாலு நாள் எனக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இப்ப நீங்க சொல்லுங்க.”

பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் பூர்ணிமா இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் சமூகவியல் விரிவுரையாளர். வயது நாற்பத்திரண்டு. செவ்வாய்க்கிழமை என்றால் பதினெட்டு மாணவிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகக் கணக்கெடுக்கக் கிளம்பிவிடுவார். மணலில் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றித் தோல்பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். மாணவிகள் முகத்தைச் சுளிப்பதை இரண்டு வருடமாகப் பார்க்கிறார். மாறுகிற வழியாகத் தெரியவில்லை.

கேட்பதற்கு முன் தன் கதையைச் சொல்லும் இந்த வழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அந்தக் குப்பத்து அன்னக்கிளி போட்ட சட்டம் அது. சுனாமிக்கு அடுத்த வருடம் பூர்ணிமா முதன்முதலாகக் கணக்கெடுப்புப் படிவங்களோடு போய் நின்றபோது, மீன் விற்றுவிட்டுத் திரும்பியிருந்த அன்னக்கிளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “எத்தினி பேருதான் எழுதிக்கினு போவீங்க? எங்க வூட்டுப் பானைய எல்லாம் எண்ணிட்டுப் போறீங்களே, உங்க வூட்ல எத்தினி பானைன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?” நியாயம்தானே! பூர்ணிமா அங்கேயே உட்கார்ந்து தன் வீட்டுப் பாத்திரங்களை எண்ணிச் சொன்னார். அன்று முதல் அவருடைய மாணவிகளுக்கும் அதுவே விதி. வகுப்பில் வாயே திறக்காத சிந்தியா, ஒரு படகுக்காரரிடம் தன் அப்பாவுக்குத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் வேலை போன கதையைச் சொல்லிவிட்டு, அவருடைய கதையை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பூர்ணிமாவுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேருந்தில் வந்தவர்களுக்கெல்லாம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார், நடத்துநர் உட்பட.

இந்தச் செவ்வாய்க்கிழமைகளைத் தாங்கி நிற்பது ஐரோப்பாவில் இருக்கும் ஓர் அறக்கட்டளை. வெவ்வேறு நாடுகளின் கல்லூரிகளில் சமூக அறிவியல் கற்பிக்க உதவுகிறது. பேருந்துச் செலவு, புத்தகங்கள், படிவங்கள் எல்லாம் அதன் தயவு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரி முதல்வர் ஒளிக்கவில்லை. “கிராண்ட் இருக்கிற வரைக்கும் சுத்துங்க மேடம். அப்புறம் எல்லாரையும் போல நோட்ஸ் குடுத்துடுங்க.” நோட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பூர்ணிமாவுக்கு எரிச்சல் வரும்.

மூன்றாம் ஆண்டுக்கு விண்ணப்பித்தபோது அறக்கட்டளையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. படிவம் அருமை, மற்ற நாடுகளுக்கும் மாதிரியாகக் கொடுக்கலாம். ஆனால் குடும்பத்தைப் பற்றிய கணக்கெடுப்பில், பிறந்த குழந்தைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை என்ற கேள்வியே இல்லையே? அதைச் சேர்த்து, நிரப்பிய படிவங்களை மாத முடிவுக்குள் அனுப்பினால் முடிவு சொல்கிறோம்.

சிந்தியாகூட ஒருமுறை கேட்டிருக்கிறாள். “வீட்ல எத்தனை பேர்னு கேக்குறோம்ல, அதுலயே வந்துடும்” என்று பூர்ணிமா பேச்சை மாற்றிவிட்டார். வராது என்பது அவருக்குத் தெரியாதா? அந்தக் கேள்வியை வைத்தால் முதலில் அவர் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் அதை விட்டிருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்பது நாள் இருந்து, பெரிய ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அவரும் கணவர் கோபிநாத்தும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கல்லூரியில் யாராவது “உங்களுக்குக் குழந்தை இல்லல்ல” என்றால் தலையாட்டிவிடுவார். ஒவ்வொரு முறை தலையாட்டிய பிறகும், பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டதாக மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புதிய படிவங்களோடு முதல் வீடாக அன்னக்கிளியிடமே போனார்கள். சிந்தியா பென்சிலோடு முன்னால் வந்தாள். அவளுக்கு அந்தக் கேள்வி சுலபம். கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னால் முடிந்தது. “நான் கேக்குறேன், நீ எழுது” என்றார் பூர்ணிமா. வழக்கம்போல வாடகை, தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், புதிதாகச் சேர்த்த ஏழாவது கேள்வியில் நின்றார்.

“எனக்கு ஒரு பையன் பொறந்தான்க்கா. ஒம்பது நாள் இருந்தான்.”

அன்னக்கிளி கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

“பேரு வச்சீங்களா டீச்சரு?”

“வெற்றிச்செல்வன்.”

“எனக்குப் பொறந்தது அஞ்சு. இருக்கிறது மூணு. ஒண்ணு காய்ச்சல்ல போச்சு, ஒண்ண கடல் கொண்டுபோச்சு.” சிந்தியா எழுதத் தொடங்கியதும் அன்னக்கிளி கையை நீட்டித் தடுத்தார். “இரு பாப்பா. எங்களுத மட்டும் எழுதிக்கினு போறீங்க. டீச்சரு சொன்னது காத்தோட போயிடுதே. அத மொதல்ல எழுது.”

சிந்தியா பூர்ணிமாவைப் பார்த்தாள். பூர்ணிமா அவளிடமிருந்து வெற்றுப் படிவம் ஒன்றையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டார். தோல்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை விரித்தார். ஏழாவது கேள்வியில், பிறந்த குழந்தைகள் என்பதற்கு நேரே ‘ஒன்று’ என்று எழுதினார். பெயருக்கென்று அங்கே இடம் இல்லை. விளிம்பில் கிடந்த வெள்ளையில், வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோலவே தெளிவாக, வெற்றிச்செல்வன் என்று எழுதி, அறக்கட்டளைக்கு அனுப்பவேண்டிய படிவங்களின் மேலாக அதை வைத்தார்.