திப்பிக்காக ஒரு ஸ்தோத்திரம்

அன்பான சபையாரே, நான் சொல்லப்போவது கொஞ்சம் நாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாக்கோபு. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலைக்கு வேன் ஓட்டுகிறேன். மலையடிவாரத்தில்தான் வீடு. போன வருஷம் பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தன், மலைச்சாலை இறங்கி முடிகிற இடத்தில், என் வீட்டையொட்டித் திப்பியைக் குவிக்க ஆரம்பித்தார். ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. மாட்டுக்குப் போடுவார்கள். காய்ந்தால் பரவாயில்லை. ஒரு மழை பெய்தால் குடலைப் பிடுங்கும். சோற்றில் அந்த வாசம், வேட்டியில் அந்த வாசம். வந்த சொந்தக்காரர்கள் உட்காராமலே கிளம்பினார்கள். அதில் மட்டும் எனக்கு வருத்தமில்லை.

கோவிந்தனிடம் சண்டை போட்டேன். பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில்தான் ஆண்டவர் ஞாபகம் வந்தது. இருபத்தோரு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாச ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, இந்தக் குவியலை அகற்றும்." இருபத்திரண்டாம் நாள் கோவிந்தன் இன்னும் இரண்டு டிராக்டர் லோடு கொண்டுவந்து கொட்டினார். மனசு உடைந்துவிட்டது. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

என் மனைவி எஸ்தர் வேறு மாதிரி. காலை ஜெபத்தில் ஆளுக்கு ஒரு நன்றி சொல்லவேண்டும், ஒருதரம் சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது, சொன்னால்தான் காப்பி. இது அவள் போட்ட சட்டம். சுகம், பிள்ளைகள், வேன், மழை எல்லாம் முதல் வாரமே தீர்ந்துபோனது. பிறகு செருப்பு, சீப்பு, கொசுவலை என்று இறங்கி வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

"திப்பிக்குச் சொல்லுங்க" என்றாள் எஸ்தர்.

"அந்த நாத்தத்துக்கா? உசுரே போனாலும் சொல்ல மாட்டேன்."

"அப்ப காப்பி இல்ல."

காப்பி குடிக்காமலே கிளம்பினேன். அன்றைக்கு வெள்ளிமலையில் பெண்கள் ஜெபக்கூட்டம். எஸ்தரையும் சபைச் சகோதரிகள் எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் இறங்கும்போது கடைசி வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் அடிவரைக்கும் போனது. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதுவும் கேட்கவில்லை. வலது பக்கம் சுவர் இல்லாத கிணறு. நேரே கடைத்தெரு, பள்ளிக்கூடம் விட்ட நேரம். பின்னால் சகோதரிகள் ஒன்றும் தெரியாமல் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். "இயேசப்பா!" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. இடது பக்கம் குவியல் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பாதி வேன் திப்பிக்குள் புதைந்து நின்றது. ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லை. சன்னல் வழியாகத் திப்பி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது. அதை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். "ஆண்டவரே, திப்பிக்காக ஸ்தோத்திரம்."

பின்னாலிருந்து எஸ்தர் குரல் கேட்டது. "இத காலையிலயே சொல்லியிருந்தா காப்பியாவது கெடச்சிருக்கும் இல்ல?"

கோவிந்தன் ஓடிவந்தார். எல்லாரையும் ஒருதரம் எண்ணிப் பார்த்தார். "இன்னா யாக்கோபண்ணே, குவியல எடுக்கச் சொல்லி ஜெபம் பண்ணிக்கினு இருந்தீங்க. நீங்களே வண்டியோட எடுக்க வந்துட்டீங்களா?" என்றார். சிரித்தார்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. டிராக்டரைக் கட்டி வேனை வெளியே இழுத்ததும் அவர்தான். இப்போது தினமும் எங்கள் வீட்டில்தான் அவருக்குக் காப்பி.

அந்த இருபத்தோரு நாளும் ஆண்டவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் இரண்டு லோடு சேர்த்துப் போட்டார்.

உங்கள் வீட்டருகே எது நாறுகிறதோ, அதற்கு நாளைக் காலையில் ஒரு நன்றி சொல்லிப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அவர் ஏற்றுக்கொள்வார்.

ஒரு ஜெபக் குறிப்பும் உண்டு. என் பழைய மனுவுக்குப் பஞ்சாயத்தில் இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. குவியலை எடுக்கச் சொல்லிக் கோவிந்தனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனு தோற்கும்படி எல்லாரும் எனக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொள்ளுங்கள்.