சார்ஜர் மாட்ட எந்த மூலை?

வீட்டில் மின்சாரக் காருக்குச் சார்ஜர் மாட்டித் தரும் தொழிலில் வயர் இழுப்பது சுலபம். எங்கே மாட்டுவது என்று வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. வீடு வீடாகப் போய் ஏர்கோன், தண்ணீர்க் குழாய் என்று மல்லுக்கட்டும் சக தொழிலாளிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மாடியிலிருந்து வயர்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீடு மேல்மாடியில், கார் கீழே. பால்கனியிலிருந்து வயரை இறக்கிவிட்டால் போதும் என்றார். மழையில் நனையும், போகிறவர் வருகிறவர் கை படும் என்றேன். கார் நிறுத்தும் இடத்திலேயே சார்ஜர் வைக்க நிர்வாகத்திடம் அனுமதி கேட்டீர்களா என்று விசாரித்தேன்.

"கேட்டா இல்லையெண்டு சொல்லுவினம், தம்பி. அதாலதான் கேக்கேல்லை."

அக்னி மூலை

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் செல்வத்துக்கு வாஸ்துவில் பிடிவாதம். மின்சாரமும் நெருப்புதான், அது தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்பார். அந்த மூலையில் சமையலறை. கார் நிற்பதோ வாசலில். நான் வாசல் சுவரைக் காட்டியதும் என்னை அனுப்பிவிட்டு, அவரே எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கிச் சமையலறை பிளக்கிலிருந்து ஹால் வழியாகக் கார் வரை இழுத்து, மிச்சத்தைச் சுருட்டிக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டார். போர்ட் கிள்ளான் கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அவர் மனைவி கோமதிதான், கார் சார்ஜ் ஆகும்போது பொசுங்கிய வாடை வருகிறது என்று என்னை அழைத்தார்.

போனதும் மெயின் சுவிட்சை அணைத்தேன். கம்பளத்தைத் தூக்கினால் வயர் உருகி ஒட்டியிருந்தது. அதற்கு நேர் மேலே, கம்பளத்தின் மேல், குழந்தை தூங்கும் மெத்தை. நல்லவேளை, குழந்தை எழுந்து கோமதியின் இடுப்பில் இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். செல்வம் மெத்தையைப் புரட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் கருகியிருந்தது. மெத்தையைக் கீழே போட்டுவிட்டு அவரே சொன்னார்:

"வாசல்லயே மாட்டுங்கண்ணே. எந்த மூலையா இருந்தாலும் பரவால்ல லா."

சூடம்

மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கர் எல்லாம் வைத்து வாசல் சுவரில் மாட்டிக் கொடுத்தேன். சில நாள் கழித்துச் சரிபார்க்கப் போனால், சார்ஜருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். வயருக்கு நேர் கீழே தட்டில் சூடம், பக்கத்தில் தீப்பெட்டியோடு செல்வம். நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்க அக்னிய கேட்டுக்கு வெளிய வெச்சுக்குங்க. உள்ள புள்ள இருக்கு."

சார்ஜருக்குக் கம்பெனி உத்தரவாதம் தருகிறது, வீட்டுக்காரருக்கு வீட்டம்மாதான்.